ஜவ்வாது மலையில் வளரும் கீழ்நாட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

உங்கள் கேள்வி நீளம். படிக்கிறவர்களுக்காக முதலில் சுருக்கிவிடுகிறேன். ஜமுனாமரத்தூரில் மளிகைக் கடை. உங்கள் அப்பா 1986ல் கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியில் போளூர்ப் பக்கமிருந்து, மேலே வந்து கடை போட்டவர், இப்போது இல்லை. 1994ல் பக்கத்து ஊர் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றுக்கு 15,000 ரூபாய் கொடுத்து 2 ஏக்கர் கொல்லையைப் போக்கியத்துக்கு எடுத்திருக்கிறார். எழுதியது 20 ரூபாய் முத்திரைத்தாளில், பதிவு இல்லை. பட்டா இன்னும் அந்த வீட்டுத் தாத்தா பெயரில். உங்கள் மகனும் அந்தத் தாத்தாவின் பேரனும் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. "எங்க நெலத்தப் புடுங்கின கீழ்நாட்டான்" என்று அவன் சொல்ல, "போடா காட்டான்" என்று இவன் சொல்ல, சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தவன் "நாம வந்தேறியாப்பா?" என்று கேட்டிருக்கிறான். பிள்ளைக்கு என்ன சொல்வது, நிலத்தை என்ன செய்வது, பி.சி.ஆர். கேஸ், அதாவது வன்கொடுமை வழக்கு, வருமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

மூன்றும் ஒரே முடிச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. பையனிடம் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் அந்தப் பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கும்வரை அந்தப் பேச்சு பாதிப் பொய்தான். அதனால் நிலத்துக்கு அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன், பையனிடம் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், வந்தவர் யார், இருந்தவர் யார் என்பதைக் கொஞ்சம் தெளிவுபடுத்த வேண்டும். இரு பக்கத்துப் பிள்ளைகளும் தப்பான கதையை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள்.

மலையாளி என்ற பெயருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்றே பொருள். பேசுவது தமிழ். ஜவ்வாது மலை மலையாளிகளின் வாய்மொழிக் கதையே அவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய காரைக்காட்டு வேளாளர் என்கிறது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அவர்களே 'நாங்களும் ஒரு காலத்தில் ஏறி வந்தவர்கள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இதைப் பிடித்துக்கொண்டு "பார், நீயும் வந்தேறிதான்" என்று வாதாடும் கீழ்நாட்டார் உண்டு. அந்த வாதம் சட்டத்தில் எடுபடாது. பட்டியல் பழங்குடி என்ற தகுதி முதலில் வந்தவர் யார் என்ற ஓட்டப் பந்தயத்தின் பரிசல்ல. பழங்குடிப் பட்டியலுக்கு 1965ல் ஒன்றிய அரசின் லோகூர் குழு வைத்த அளவுகோல்கள் தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை போன்றவை. அவற்றில் சில வார்த்தைகள் இன்று படிக்க முகம் சுளிக்க வைக்கும், ஆனால் இனரத்தம் என்ற பேச்சு அதில் இல்லை. இன்னொரு சான்று: பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மலையாளி பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார், ஈரோடு மாவட்டத்து பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கிற மலையாளிக்கு அந்தத் தகுதி இல்லை. மாவட்ட எல்லை தாண்டினால் மாறுகிற ஒன்று பிறவியிலேயே வந்த இன வேறுபாடாக இருக்க முடியுமா?

உங்கள் மகன் மலையிலேயே பிறந்தவன் என்பதால் அவனுக்கு எஸ்.டி. சான்று கிடைக்குமா என்றும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது, முயலவும் வேண்டாம். சான்று சமூகத்துக்கு, ஊருக்கல்ல. தமிழ்நாட்டில் 11.11.1989 முதல் எஸ்.டி. சான்று கொடுக்கும் அதிகாரம் கோட்டாட்சியர், சார் ஆட்சியர் நிலையில்தான். அதன் பிறகு தாசில்தார் கொடுத்தது செல்லாது. சந்தேகம் வந்தால் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு வரை போகும். தமிழ்நாடு அரசு வேலையில் எஸ்.டி. ஒதுக்கீடே 1 சதவீதம்தான். அதில் ஒரு போலிச் சான்று நுழைந்தால் மலையில் எத்தனை வீட்டில் கசப்பு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள்.

'கீழ்நாட்டான்' என்ற சொல்லில் இவ்வளவு சூடு ஏன் என்பதற்கு நூற்றாண்டுக் கணக்கில் காரணம் இருக்கிறது. 1882ன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் மலையின் பெரும்பகுதி காப்புக்காடானது. கொத்துக்காடு போட்டு இடம் மாற்றி மாற்றி விதைத்தவர்கள் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒடுங்கினார்கள். சந்தன மரம் விளைந்த மலை இது. கட்டை திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குப் போய் ஏலத்தில் லட்சங்களுக்கு விலை போனது, மலைக்காரருக்கு வந்தது பெரும்பாலும் வழக்கு. பிறகு ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போவது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். ஆள் பிடித்து அனுப்பும் கண்ணியில் மலையில் இருப்பவர்களும் உண்டு, கீழே இருப்பவர்களும் உண்டு. ஆனால் முன்பணம் எப்போதும் கீழேயிருந்துதான் ஏறி வந்தது. உங்கள் அப்பாவுக்கு இதில் எதிலும் பங்கில்லாமல் இருக்கலாம். இருந்தும், கீழேயிருந்து பணத்தோடு வருகிறவர் என்ற அந்த அடையாளம் அவர் கடை போடுவதற்கு முன்பே அங்கே தயாராக இருந்தது.

இனி நிலம். முதலில் அது எந்த வகை நிலம் என்று கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. பத்திரத்தில் இருக்கிற புல எண்ணை வைத்து அரசின் இணையச் சேவையில் பட்டா-சிட்டா, 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் கிராமப் பதிவேடு) இரண்டையும் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பாருங்கள், அனுபவத்தில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று தெரியும். வில்லங்கச் சான்றை 1975 முதல் போட்டு எடுங்கள். உங்கள் பத்திரம் பதிவாகாததால் அதில் வராது. எடுப்பது வேறு காரணத்துக்கு: இடையில் அவர்கள் வேறு யாருக்கேனும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க. வட ஆற்காடு 1989ல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய ஒப்படைக் கோப்பு (அரசு நிலம் வழங்கிய கோப்பு) தேவைப்பட்டால் திருவண்ணாமலையில் 'இல்லை' என்ற பதிலோடு திரும்பிவிடாமல் வேலூரிலும் மனுப் போட்டுக் கேளுங்கள்.

மூன்று வகையில் ஒன்றாக அது இருக்கும். ஒன்று, சாதாரண ரயத்துவாரிப் பட்டா நிலம். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் 5வது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் ஆந்திராவின் பழங்குடிப் பகுதிகளில் '1/70' என்று சொல்வார்களே, அப்படி ஒரேயடியாக நிலக் கைமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் இங்கே கிடையாது. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஏலகிரியில் விடுதிகள் எழும்பிய கதை அந்த விவாதத்தில் ஒரு பக்கத்துக்குச் சாட்சி. இரண்டாவது, அரசு ஒப்படை செய்த நிபந்தனை நிலம். இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது, மலைவாழ் மக்கள் அல்லாதாருக்கு மாற்றக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் ஒப்படை ஆணையில் இருப்பதுண்டு. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது அவர்களுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆணையின் நகலைப் படிக்காமல் இதில் யாரும் உறுதி சொல்ல முடியாது, நானும்தான். மூன்றாவது, 2006ன் வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த உரிமைப் பட்டயம். அது குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர், கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும், பிள்ளைகளுக்குப் போகும். விற்கவோ மாற்றவோ முடியாது. யாராவது 'பட்டயத்தையே எழுதி வாங்கிவிட்டேன்' என்று பெருமை பேசினால் அவர் வாங்கியது வெறும் காகிதம்.

அதே சட்டத்தில் உங்களைப் போன்றவர்களும் மனுப் போடலாம் என்று சில தரகர்கள் சொல்லித் திரிகிறார்கள். பழங்குடி அல்லாதவர் மனுப் போட 13.12.2005க்கு முன் 75 ஆண்டுகள், அதாவது 3 தலைமுறை, அந்த வன நிலத்தைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 1930 டிசம்பருக்கு முன்பே குடும்பம் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு. உங்கள் அப்பா வந்தது 1986. தரகருக்குக் கொடுக்கும் பணம் போய்விடும்.

தாத்தா பெயரில் பட்டா என்று நீங்கள் எழுதியதை வைத்து அது முதல் வகை என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். 'முப்பது வருஷம் அனுபவிச்சாச்சு, இனி நமக்கே சொந்தம்' என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, சந்தேகமே இல்லை. போக்கியமாகப் பிடித்த நிலம் எத்தனை காலம் போனாலும் போக்கியம்தான். அடமானம் பிடித்தவர் அனுபவ பாத்தியதை கேட்க முடியாது. மீட்பதற்குக் காலவரை 30 ஆண்டு என்று காலவரம்புச் சட்டத்தில் இருப்பதைக் காட்டுவார்கள். போக்கியத்துக்கு அந்த 30 ஆண்டு பத்திரத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சிங் ராம் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அசல் அடைபடும்போது, அல்லது கட்டப்படும்போதுதான் தொடங்கும். தவிர உங்கள் பத்திரம் பதிவாகாதது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட போக்கியம் பதிவாக வேண்டும். பதிவாகாத தாளை நீதிமன்றத்தில் உரிமைக்கு ஆதாரமாக வைக்க முடியாது, போதாத முத்திரைக்கு 10 மடங்கு வரை தண்டமும் உண்டு. சுருக்கமாக, அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் எந்த அடிப்படையில் உள்ளே இருக்கிறீர்கள் என்று காட்டவே அது உதவும்.

எவ்வளவு கேட்கலாம்? அசல் மட்டும். விளைச்சல் வட்டிக்கு ஈடு என்று எழுதியிருந்தால் வட்டி என்ற பேச்சே எழக் கூடாது. அதுவும் நியாயமா என்று ஒரு மனக்கணக்குப் போடுங்கள். மானாவாரிச் சாமை ஏக்கருக்கு 300 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 2 ஏக்கருக்கு ஆண்டுக்கு 600 கிலோ. 30 ஆண்டுக்கு 18,000 கிலோ. கிலோ 10 ரூபாய் என்ற பழைய விலையிலேயே 1,80,000. பாதியை உழவு, களை, அறுப்புக்குக் கழித்தால் 90,000. கொடுத்த 15,000 ஆறு மடங்காக வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் வகுப்பில் சொன்ன 'புடுங்கின' என்ற சொல் சட்டப்படி தப்பு, கணக்குப்படி அவ்வளவு தப்பில்லை. அசலையும் விட்டுக்கொடுத்து நிலத்தைத் திருப்பிவிடுங்கள் என்பது என் கருத்து. இது சட்டம் அல்ல. உங்களால் முடியாவிட்டால் 15,000 வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 1 ரூபாய் கேட்டாலும் பேச்சு வேறு திசைக்குப் போகும்.

திருப்பிக் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு, பெரும்பாலும் அவசரத்தால் வருவது. ஒரே ஒரு பேரனைக் கூப்பிட்டு வரப்பைக் காட்டிவிட்டு வந்தால், நாளை அவன் சித்தப்பா உங்களிடம் வருவார். தாத்தாவின் வாரிசுச் சான்று எடுக்கச் சொல்லுங்கள். மகள்களின் பெயரும் அதில் வர வேண்டும். உங்கள் பக்கத்தில் அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். 'பணம் பெற்று, அல்லது பெறாமல், போக்கியம் தீர்ந்தது. புல எண் இன்னது, பரப்பு இவ்வளவு, சுவாதீனம் இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி, மூலத்தாளின் குறுக்கே 'தீர்ந்தது' என்று கையெழுத்திட்டு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். பணம் கைமாறினால் வங்கி வழியாக. சாட்சி இரண்டு பேர், ஒருவர் மலைக்காரர், ஒருவர் கீழ்நாட்டார். மலையூர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைக் கூப்பிடுவது மரியாதை, கூப்பிடாமல் விட்டால் அது தனிக் குறையாக வளரும். சர்வேயரை வைத்துப் புலப்படப்படி அளந்து கல் நட்டுக் கொடுங்கள். 30 ஆண்டில் வரப்பு நகர்ந்திருக்கும், அதில் உங்கள் பக்கம் நகர்ந்ததும் இருக்கும். அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், எஸ்.டி. குடும்பத்துக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள். எதிராளிக்கு வக்கீல் தேடிக் கொடுப்பதா என்று தோன்றும். வக்கீல் பார்த்த தாளைப் பிறகு யாரும் கிளற மாட்டார்கள்.

பி.சி.ஆர். கேஸ் பற்றி. ஊரில் அந்தப் பழைய பெயரிலேயே சொல்கிறார்கள். இப்போது இருப்பது 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015ல் திருத்தப்பட்டு 26.1.2016 முதல் நடப்பில் உள்ளது. எஸ்.டி. ஒருவரின் நிலத்தை முறையின்றிப் பிடிப்பதும், அனுபவத்திலிருந்து வெளியேற்றுவதும் அதில் குற்றம். 'முறையின்றி' என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது: விருப்பத்துக்கு எதிராக, சம்மதமின்றி, மிரட்டிப் பெற்ற சம்மதத்தோடு, அல்லது ஆவணத்தைத் திரித்து. மனமொத்துப் போட்ட போக்கியம் அந்தக் கட்டத்துக்குள் நேராக விழாது. அவர்கள் பணத்தோடு மீட்க வந்து நீங்கள் 'முடியாது' என்று நிற்கும் நாளிலிருந்து நிலைமை மாறும். எந்த அளவுக்கு மாறும் என்பது விசாரணையையும் நீதிபதியையும் பொறுத்தது, எழுதித் தர முடியாது. முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது, டி.எஸ்.பி. நிலையில் விசாரணை, 60 நாளில் குற்றப்பத்திரிகை என்பதையெல்லாம் பயத்துக்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பொதுப் பார்வையில் சமூகப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் குற்றமே. பையன்கள் சண்டையைப் பொறுத்தவரை இருவருமே 18க்குக் கீழ். இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும், இவ்வளவு சிறிய விஷயத்தில் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. இதை வைத்து உங்கள் பக்கத்திலிருந்து ஒரு 'எதிர்ப் புகார்' கொடுத்து வைக்கலாம் என்று யோசனை சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சண்டை அங்கேயும் வளர்கிறது. உங்கள் கடன் நோட்டில் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா பெயர்கள் இருக்கும். கல்லாவில் மாலையில் உட்காருவது உங்கள் மகன். 13 வயதுப் பையன் தன் சிநேகிதனின் அப்பாவைப் பார்த்து 'பாக்கி 1,200 இருக்கு' என்று சொல்லிவிட்டு மறுநாள் அவனோடு கபடி ஆட முடியாது. பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள், வசூலுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். கடன் நோட்டுக்கு இரண்டு பிரதி, ஒன்று வாடிக்கையாளர் கையில். எலக்ட்ரானிக் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆண்டுக்கு ஒரு முறை. சான்றைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். புளிக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தால், பூ விடும்போதே மரத்துக்கு விலை பேசுவதை நிறுத்திவிட்டுப் பறித்த பின் எடைக்கு விலை பேசுங்கள். ஒன்றிய அரசு 2020ல் கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய் ஆதரவு விலை வைத்தது. அதற்குக் கீழே வாங்கிய ஆண்டு ஏதாவது இருந்தால் அது ஊருக்கு ஞாபகம் இருக்கும், உங்களுக்கு இல்லாவிட்டாலும். பாக்கிக்கு ஈடாக ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வது கண்டிப்பாகக் கூடாது. 1976ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து பெரும்பாலும் இருளர்களாக 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்கள் சிக்கியதும் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்தில்தான்.

பள்ளிக்கூடத்தில் இப்படிச் சண்டை வந்தால் வழக்கமாக நடப்பது, காலை வணக்கக் கூட்டத்தில் இருவரையும் முன்னே நிறுத்திக் கை குலுக்க வைப்பது. அது வேலைக்கு ஆகாது. அவமானம் இரட்டிப்பாகிப் பள்ளிக்கு வெளியே, சாலைத் திருப்பத்தில் மறுபடி வெடிக்கும். தலைமையாசிரியரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், இரு தரப்புப் பெற்றோரும் ஒரே நேரத்தில் இருக்கும்படி. கேட்க வேண்டியது இரண்டு. 'எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க' என்று வகுப்பில் சொல்லி உதவித்தொகைப் படிவம் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பெஞ்சு வரிசையை ஊர்வாரியாக விடாமல் மாற்றிப் போடச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சக மாணவர்கள் சாதி வெறியில் வெட்டியதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை கேட்டது பலருக்குத் தெரியும். மலையில் கயிறு கிடையாது. இங்கே அடையாளம் காலில் போடும் செருப்பும் டிபன் பாக்ஸும், லீவுக்குப் பிறகு யார் கேரளத்துக்கோ ஆந்திராவுக்கோ அப்பா அம்மாவோடு வேலைக்குப் போய்த் தாமதமாகத் திரும்புகிறார்கள் என்பதும். அதைப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி மகன். 'வந்தேறியா?' என்று கேட்டவனுக்கு 'இல்லடா, இது நம்ம ஊருதான்' என்று அவசரமாகத் தட்டிக்கொடுத்து முடிக்காதீர்கள். தாத்தா எந்த ஆண்டு, எங்கிருந்து, ஏன் வந்தார், முதல் கடை எந்த இடத்தில் என்று உள்ளபடி சொல்லுங்கள். அரசியலமைப்பின் 19வது பிரிவு நாட்டில் எங்கும் குடியிருக்க உரிமை தருகிறது. அதே பிரிவு, பழங்குடியினரின் நலனுக்காக அந்த உரிமைக்கு வரம்பு போடலாம் என்றும் சொல்கிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இது புரியும்: நாம இங்க இருக்கலாம், ஆனா இருக்கறதுக்கு ஒரு வேலி உண்டு. இரண்டு வசவும் ஒரே எடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'கீழ்நாட்டான்' என்றால் அவனுக்கு வலிக்கும், அதோடு முடியும். 'காட்டான்' என்ற சொல் அந்தப் பையனின் அப்பாவைத் தாலுகா ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் துரத்துகிற சொல். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையைச் சாலை இல்லாமல் தாய் சுமந்து நடந்த செய்தியை அவன் வயதுப் பிள்ளைகள் மொபைலில் பார்த்திருப்பார்கள். அதை வைத்துப் பேசலாம், ஆனால் பரிதாபக் கதையாக்க வேண்டாம். பரிதாபமும் ஒருவகை உயரம்தான்.

மலைக்காரர் என்றாலே எப்போதும் நசுக்கப்பட்டவர், கீழ்நாட்டார் என்றாலே நசுக்குபவர் என்ற முடிவுக்கும் அவனை விட்டுவிடாதீர்கள். 2021 உள்ளாட்சித் தேர்தலில் ஆம்பூருக்கு அருகே நாயக்கனேரி மலை ஊராட்சியில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டபோது, பெரும்பான்மையான மலையாளி மக்கள் எதிர்த்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அங்கே எண்ணிக்கையில் சிறியவர், ஒதுக்கப்பட்டவர் வேறொருவர். யார் பக்கம் நியாயம் என்பதை விட, பலம் ஊருக்கு ஊர் கை மாறுகிறது என்பதை ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால் போதும்.

அந்தப் பையனோடு இவன் மறுபடி சிநேகமாவானா என்று கேட்டால், சொல்ல முடியாது. பெரியவர்கள் திட்டம் போட்டு வரவழைக்கிற சிநேகம் நிலைப்பது குறைவு. மன்னிப்புக் கேட்கச் சொல்வதானால் தான் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மட்டும், தனியாக, யாரும் பார்க்காத இடத்தில். தாத்தா செய்ததற்கு அவன் பொறுப்பல்ல, அதற்கு அவனை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். அது உங்கள் வேலை.

நேரம் பற்றி ஒன்று. இப்போது சாமை வயலில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கும் பயிரோடு நிலத்தை ஒப்படைத்தால் அறுப்பு யாருக்கு என்று அடுத்த தகராறு. அறுப்பு முடியட்டும். அதற்குள் வில்லங்கம், 'அ' பதிவேடு, வாரிசுச் சான்று மூன்றும் கைக்கு வந்துவிடும். தை பிறந்ததும் அளந்து கொடுத்துவிட்டால், ஆடி விதைப்புக்கு முன் நிலத்தைத் திருத்த அவர்களுக்கு 5, 6 மாதம் கிடைக்கும். அன்றைக்கு மகனும் வரப்பில் நிற்கட்டும், கல் பிடிக்கவோ சங்கிலி இழுக்கவோ சர்வேயருக்கு உதவட்டும். பக்கத்தில் நின்று பாடம் எதுவும் நடத்த வேண்டாம்.